மேலே போகாத அடுப்படிச் சாமிகள்

கோலா செராயில் அந்த வருடம் அடுப்படிச் சாமிகள் மேலே போகவில்லை. போய்விட்டு முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள் என்று சொல்வதுதான் சரி. சீனப் பஞ்சாங்கத்தில் பன்னிரண்டாம் மாதம் இருபத்து நான்காம் நாள் காலையில், அந்த மலாய் நாட்டு ஆற்றுமுகத்து ஊரின் நூற்றுப் பன்னிரண்டு சீன வீடுகளிலும் வழக்கம்போல, அடுப்புக்கு மேலே ஒரு வருடமாகப் புகை குடித்துக் கறுத்துப்போன சிவப்புக் காகிதப் படத்தைச் சுவரிலிருந்து உரித்தெடுத்தார்கள். படத்திலிருக்கும் சாமியின் வாயில் தீ குவே என்கிற பசை இனிப்பை அப்பினார்கள். வானத்துப் பேரரசரிடம் எங்கள் வீட்டைப் பற்றி நல்லதையே சொல்லும், கெட்டது வாயில் வந்தால் பல்லோடு ஒட்டிக்கொள்ளட்டும் என்று கும்பிட்டு, வாசலில் வைத்துக் கொளுத்தினார்கள். சாம்பல் மேலே போயிற்று. பெண்கள் மத்தியானத்துக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது சாமிகள் பின்கதவு வழியாக உள்ளே வந்தார்கள்.

ஓங் குவீ லான் வீட்டுக்கு வந்தவர் சோற்றுப் பானை உயரம் இருந்தார். முகமெல்லாம் கரி. தொப்பியின் ஒரு காது வளைந்திருந்தது. அரிசி டின்மேல் ஏறி உட்கார்ந்து, இருமி, தண்ணீர் கேட்டார். குவீ லான் கொடுத்தாள். முப்பத்தெட்டு வருடம் அந்தச் சுவரில் பார்த்த முகம்தான், வேற்று ஆள் இல்லை.

"எதையாவது மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"மறக்கல. திருப்பி அனுப்பிட்டாங்க." சாமி பல்லில் ஒட்டியிருந்த இனிப்பை விரலால் நோண்டினார். "வாசல்ல இருக்கிற எழுத்தர் ஏதோ ஒரு தாளைப் பிரிச்சுப் பார்த்தார். இந்த வீட்டுல சாமி கும்பிடுறவங்க யாருமே இல்லன்னு எழுதியிருக்கே, அப்புறம் யார் அனுப்பி நீ வந்தேன்னு கேட்டார். ஊர்ல இருக்கிற மொத்தப் பேருக்கும் அதே கேள்விதான்."

"அவங்க சொன்னா நீங்க வந்துடுறதா? உங்களை வாரா வாரம் துடைச்சு விடுறது யாருன்னு சொல்லக்கூடாதா?"

"அங்கேயும் காகிதம்தான், லான். உன் புருஷன் எத்தனை விண்ணப்பம் எழுதி எரிச்சிருக்கான், உனக்குத் தெரியாதா?"

குவீ லான் அரிசியை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மற்ற வீடுகளுக்கு இது ஒரு வருடத்துச் சங்கடம். அவளுக்கு அப்படி இல்லை. அவளுடைய புருஷன் தியோ கியாட் செங் மழைக்காலத்தில் நெஞ்சடைத்துப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் அந்த ஊரின் சைகோங், தாவோ பூசாரி. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அங்கி மாட்டிக்கொண்டு போய், மணியடித்து, எருமைக்கொம்பு ஊதி, தொண்டை கிழியப் பாடி, செத்தவரின் கையைப் பிடித்துக் காகிதப் பாலத்தைத் தாண்டவைத்து, கீழுலகத்துப் பத்து மண்டபங்களிலும் வழிகேட்டு அனுப்பிவைக்கிற ஆள். அப்படிப்பட்டவர் இப்போது முதல் மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு வீட்டு அடுப்படிச் சாமி மேலே போய்ச் சாட்சி சொன்னால்தான் அங்கிருந்து நகர முடியும். வருடத்தின் கடைசி நாள் மாலையில் வானத்து வாசலை அடைத்துவிடுவார்கள். அதற்கு ஆறு நாள்தான் இருந்தது. அடைத்துவிட்டால் இன்னும் ஒரு வருடம் அவர் அந்த வெறுந்தரையில் நிற்க வேண்டும், முழங்கால் வலிக்காரர்.

அந்தத் தாளை எழுதியது யார் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போன மாதம் ஊரில் குடிக்கணக்கு எடுத்தார்கள். சீனர் தெருக்களுக்குத் தானே போவதாகக் கோவ் எங் ஹூய் முன்வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சீனப் பண்பாட்டு மன்றத்தின் தலைவர், ஊரிலேயே அழகான கையெழுத்துக்காரர். குவீ லான் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, பேனா மூடியைத் திருகி, "மதம்?" என்று கேட்டார். அவள் எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னாள்: "ஊதுபத்தி பிடிக்கிறவங்க." அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து செய்கிற காரியத்துக்குப் பெயர் ஒன்று வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. செங் உயிரோடிருந்தபோதும் இப்படித்தான். எந்தப் படிவம் வந்தாலும், என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், சாமிக்குத் தெரியும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். ஆசிரியரும் எழுதிக்கொண்டார். நூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் ஒரே சீராக, ஒரு சுழி பிசகாமல் எழுதினார்: மதம் இல்லை, சீனப் பண்பாடு.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும், சொல்லும்போது எனக்கு எரிச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எல்லாரும் சாமிக்கு உட்கார இடம் தேடினார்கள். இரண்டாம் நாள் சந்தைக்கடையில் முக்காலி தீர்ந்துபோயிற்று. சோறு பொங்கி வழியாமல் பார்த்துக்கொள்ளச் சில வீடுகளில் சாமியை ஏவவும் பழகிவிட்டார்கள். மகன் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்ட ஒரு வீட்டில், சாமி தானாகவே கூச்சப்பட்டு வாசல் படியில் உட்கார்ந்தார். மருமகள் குடை கொடுத்தாள். மூன்றாம் நாள் வாயில் அப்பிய இனிப்பு கரைய ஆரம்பித்தது, அப்போதுதான் பிடித்தது தொல்லை. ஒரு வருடத்துச் சேதியைச் சுமந்துகொண்டு சொல்ல இடமில்லாமல் இருந்தவர்கள் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தார்கள். மீ நூடுல்ஸ் கடைக்காரர் நேற்றைய சூப்பில் இன்று தண்ணீர் ஊற்றுகிறார், மூத்த மருமகள் மாமியாரின் மருந்தில் பாதியைக் கொட்டுகிறாள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தெருவில் நாலு சண்டை மூண்டது.

அவ்வளவு நடந்தும், அந்தத் தாளைப் பற்றி ஒருவர் வாய் திறக்க வேண்டுமே! குவீ லான் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "பேருதானே லான், விடு" என்றார்கள். "வாத்தியார் படிச்சவரு, யோசிச்சுத்தான் எழுதியிருப்பாரு" என்றார்கள். சாமிகளை வெளியூர் ஜனத்துக்கு வேடிக்கை காட்டலாம், ஊருக்குப் பேர் வரும் என்று ஒருவன் கணக்குப் போட்டான். எந்தச் சாவுக்கு நடுராத்திரியில் கதவைத் தட்டினாலும் அவள் புருஷன் அங்கியை எடுத்துக்கொண்டு ஓடிய அதே வீடுகள் இவை.

வீட்டுக்குப் பக்கத்தில் தோசைக்கடை போட்டிருந்த செல்லக்கிளி மட்டும்தான் முழுக்கக் கேட்டாள். இருவரும் பேசிக்கொள்வது சந்தை மலாயில். செல்லக்கிளி அவளை ஆ சோ, அண்ணி, என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் தமிழுக்குத் தாவிவிடுவாள், குவீ லானுக்கு அது புரிந்தும்விடும்.

"எங்க முனியாண்டிய போன வருசம் ஒரு கூட்டம் வந்து பாத்துச்சு, ஆ சோ. சிறுதெய்வம்னு எழுதிக்கிட்டுப் போனாங்க. அவரு அருவா எம்மாம் நீளம்னு அளந்தாங்க, அவர என்னான்னு கூப்புடுறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. நானும் கரண்டியும் கையுமா வேடிக்க பாத்துக்கிட்டு நின்னேன். இன்னிக்கும் நெனச்சா ஆத்திரமா வருது. நீ போ. போயி கேளு. வீட்ட நான் பாத்துக்குறேன், உன் சாமிக்கும் ரெண்டு தோச போட்டுக் குடுக்குறேன்."

குவீ லான் நான்காம் நாள் காலை பத்து மணிக்குப் பண்பாட்டு மன்றத்துக்குப் போனாள். அங்கே போக அவளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வானத்துக்கு விண்ணப்பம் எழுதினால் மஞ்சள் காகிதத்தில் எழுதி, சைகோங்கின் மரமுத்திரையைக் குத்தி எரிக்க வேண்டும், முத்திரை இல்லாத தாளை வாசலில் யாரும் வாங்க மாட்டார்கள். செங்கின் முத்திரை மன்றத்தில் இருந்தது. காரியம் முடிந்த மறுவாரம், மூன்று நாள் கண்காட்சிக்கு என்று சொல்லி ஆசிரியர் வாங்கிப் போனார். மூன்று மாதமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பக்கத்தில் அங்கி, எருமைக்கொம்பு. முன்னால் அழகான கையெழுத்தில் ஓர் அட்டை: நாட்டார் கலைப்பொருட்கள், தொடாதீர்கள்.

இன்னொரு பெட்டியில் ஓர் அடுப்படிச் சாமி உட்கார்ந்திருந்தார். அது ஆசிரியரின் சொந்த வீட்டுச் சாமி. மன்றத்தின் மாடியில்தான் அவர் குடியிருந்தார். மின்சார அடுப்பு வாங்கிய நாளில் படத்தைக் கிழித்துப் போட்டு இருபது வருடம் ஆகிவிட்டது. சாமி அவ்வளவு காலமும் அடுப்புக்குப் பின்னால் ஒண்டியிருந்துவிட்டு, மற்றவர்கள் திரும்பி வந்த அன்று தானும் வெளியே வந்தார். ஆசிரியர் பதறவில்லை. அவருக்கும் ஓர் அட்டை எழுதிவிட்டார்: அடுப்புக் காவலர், அழகியல் மதிப்பு உடையது.

"வா லான், டீ சாப்பிடுறியா?" என்றார் ஆசிரியர். கெட்ட மனுஷர் இல்லை அவர். அதுதான் இன்னும் ஆத்திரம்.

"எங்க வீட்டுத் தாள்ல மதம் இல்லன்னு ஏன் எழுதினீங்க, வாத்தியாரே?"

"இறக்கி எழுதல, உசத்தித்தான் எழுதினேன். மதம்னா ஒரு தலைவர் வேணும், சேர்றதுக்கு ஒரு சடங்கு வேணும். நாம செய்றது அதைவிடப் பெருசு. பண்பாடு."

"பெருசுன்னா அந்த இடத்துல 'இல்லை'ன்னு ஏன் இருக்கு?"

ஆசிரியர் பொறுமையாகச் சிரித்தார், முப்பது வருடம் பிள்ளைகளிடம் சிரித்த சிரிப்பு. "தாவோங்கிறது ஒரு தத்துவம், லான். மலை, மூடுபனி, ஒரு ஞானி, கையில ஒரு கோப்பைத் தேநீர். அதுக்குப் பேருகூடத் தேவையில்ல, அதுதான் அழகு. நீங்க காகிதம் எரிக்கிறது, சாமிக்கு மிட்டாய் ஊட்டுறது, இதெல்லாம் வேற. பழக்கவழக்கம்."

"பேரு தேவையில்லன்னு சொல்ற நீங்க, இந்தக் கட்டடத்து வாசல்ல உங்க பேரை மூணடிக்கு எழுதி வெச்சிருக்கீங்க." அவள் குரல் ஏறிவிட்டது. "மலையில உட்கார்ந்து டீ குடிச்சா அது தாவோ. சாவு வீட்டுல மூணு நாள் தூங்காம நின்னா அது நாட்டார் கலை. சிங்க நடனம் பண்பாடுன்னு மேடையில பேசுறீங்க, அந்தச் சிங்கத்துக்குக் கண் திறந்து விட்டது யாரு? நீங்க பொண்ணுக்குக் கல்யாண நாள் குறிக்க யாரைத் தேடி வந்தீங்க? எடுக்கிறதையெல்லாம் எடுத்துக்கிட்டு ஆளை மட்டும் வெளிய நிறுத்துறீங்களே, இது எந்த ஊர் நியாயம்?"

"சத்தம் போடாதே லான், ஜனங்க வராங்க."

அப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சாமி பேசினார். இருபது வருடமாக யாரும் அவர் வாயில் இனிப்பு அப்பவில்லை என்பதால் வாய் சுத்தமாக இருந்தது.

"இவன் பெண்டாட்டி பதினோரு வருஷத்துக்கு முன்னால இரங்கல் பேச்சும் பூவுமா அடக்கமானா. எளிமையா, நாகரிகமா நடந்ததுன்னு பேப்பர்ல வந்தது. அதுக்கு மறுநாள் விடியக்காலையில இவன் உன் புருஷனைப் பின்கதவு வழியா வரச்சொன்னான். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. மணி சத்தம் வெளிய கேட்கக்கூடாதுன்னு துணி சுத்தி அடிக்கச் சொன்னான். உன் புருஷன் துணி சுத்தி அடிச்சான். சமையலறையில வெச்சு அவளைப் பாலம் தாண்ட வெச்சான். இவன் அடுப்புப் பக்கமா மண்டி போட்டு அழுதான். நான் பின்னாலதான் இருந்தேன்."

குவீ லானுக்கு இது தெரியாது. செங் சொன்னதே இல்லை. துணி சுற்றிய மணியை அடித்துவிட்டு வீட்டுக்கு வந்து அவர் எப்படிக் கஞ்சி குடித்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தாள். "உங்க பெண்டாட்டி பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்துட்டா" என்றாள். "அவளை அனுப்பி வெச்சவர் நீங்க எழுதின ஒரு வார்த்தையால அங்க நிக்கிறார்."

ஆசிரியர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். முத்திரையை எடுத்து இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். "விண்ணப்பத்தை நானே எழுதித் தரேன்" என்றார்.

எழுதினார் என்றால் அப்படி எழுதினார், மூன்று நாள் எடுத்துக்கொண்டு. மஞ்சள் தாளில், மேலிருந்து கீழாக, ஒவ்வோர் எழுத்தும் நிறுத்தி வைத்த பூச்சாடி மாதிரி. ஐயாயிரம் ஆண்டுப் பண்பாட்டின் வழித்தோன்றலாகிய இக்குடும்பத்தார் என்று தொடங்கி, முன்னோர் நெறி, தொன்மை, மரபு என்று இரண்டு முழத்துக்குப் போனது. வேண்டிய சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொல்லும் அதில் இருந்தன. குவீ லான் பள்ளிக்கூடப் பக்கம் போகாதவள், படிக்கத் தெரியாது. நம்பி வாங்கிக்கொண்டு போய், முத்திரை குத்தி, வாசலில் வைத்துக் கொளுத்தினாள். பற்றவில்லை. தீக்குச்சி தீர்ந்தது. செல்லக்கிளி மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினாள். மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்தது, தாள் ஓரம்கூடப் பழுக்காமல் மஞ்சளாகவே கிடந்தது. அரிசி டின்மேல் இருந்த சாமி எட்டிப் பார்த்துவிட்டு, "யாரைப் பத்தியோ எழுதியிருக்கு" என்றார்.

அதற்குள் கடைசி நாள் மத்தியானம் ஆகிவிட்டது. தெருவே கூடி நின்றது. குவீ லான் உள்ளே போய் மைக்கல்லை எடுத்து வந்தாள். முப்பத்தெட்டு வருடம் புருஷனுக்கு மை அரைத்துக் கொடுத்தவள், தூரிகையை ஒரு நாளும் தொட்டதில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒரே ஓர் எழுத்து. முத்திரையில் செதுக்கியிருந்த எழுத்து, எண்ணெய் தடவித் துடைக்கும்போதெல்லாம் விரலில் பட்ட எழுத்து, ஒரு தலையும் நடந்து போகிற ஒரு காலும் சேர்ந்தாற்போல் இருக்கும், வழி என்று அர்த்தம். தாவோ. அதை எழுதினாள். தலை பெரிதாகிவிட்டது, கால் குட்டையாகிவிட்டது, மை வழிந்தது. பார்த்துக்கொண்டு நின்ற ஆசிரியரின் முகம் கோணலானது, கையெழுத்துக்காரர் அல்லவா. அவள் முத்திரையை ஓங்கிக் குத்தினாள், தீக்குச்சியைக் கிழிப்பதற்கு முன்பே தாள் பற்றிக்கொண்டது.

சாமி எழுந்து தொப்பியைச் சரிசெய்தார். குவீ லான் அவசரமாக இனிப்பு டப்பாவைத் திறந்தாள்.

"வேண்டாம்" என்றார் சாமி. "இந்தத் தடவை வாய் ஒட்டாம இருக்கணும்."

"அவரோட குறையையும் சொல்வீங்களா?"

"சொல்வேன். சோத்துல உப்பு இல்லன்னு கத்தினது, உன் தங்கச்சி கல்யாணத்துக்கு வராம இருந்தது, எல்லாம் சொல்வேன். துணி சுத்தின மணியையும் சொல்வேன்."

"சொல்லுங்க" என்றாள். சாமி புகையோடு போய்விட்டார்.

பிறகு என்ன, ஊரே மஞ்சள் தாளோடு வரிசையில் நின்றது, பேருதானே என்று சொன்னவர்கள்தான் முன்னால். எங்களுக்கும் ஒன்று எழுதிக்கொடு லான் என்றார்கள். அவள் எழுதிக்கொடுக்க மறுத்துவிட்டாள். மைக்கல்லை வாசலில் வைத்து, முத்திரையைப் பக்கத்தில் வைத்து, அவரவரே எழுதுங்கள், பார்த்து எழுதுங்கள் என்றாள். மாலை நாலு மணி வரைக்கும் வயசானவர்களும் மீ கடைக்காரரும் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரே எழுத்தைக் கோணலும் மாணலுமாக எழுதினார்கள். ஒன்றுகூட எரியாமல் போகவில்லை. ஆசிரியர் வரிசையில் நிற்கவில்லை. தூரத்தில் நின்றார், அவருடைய சாமி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

புது வருடத்தின் நான்காம் நாள் சாமிகள் இறங்கி வந்தார்கள். குவீ லான் சுவரில் புதுப் படம் ஒட்டிவைத்திருந்தாள். சாமி அதற்குள் ஏறுவதற்கு முன் அரிசி டின்மேல் ஒரு நிமிடம் உட்கார்ந்தார்.

"முதல் மண்டபத்து எழுத்தர் மூணு மாசமா அவனை ஒரே கேள்வி கேட்டிருக்கார். நீ யாருன்னு. இவன் ஊதுபத்தி பிடிக்கிறவன், சாமிக்குத் தெரியும்னு அதே பதிலையே சொல்லிக்கிட்டு நின்னிருக்கான். காகிதம் வந்ததும் விட்டுட்டாங்க. பத்து மண்டபத்தையும் ஒரே நாள்ல தாண்டினான். அங்கங்க இருந்தவங்கள்ல பாதிப் பேரு இவன் அனுப்பி வெச்ச ஆளுங்களோட சொந்தக்காரங்க, வழிவிட்டாங்க. பாலத்து மேல நின்னு உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னான்."

"என்ன?"

"சாமிக்குத் தெரியும்னு சொல்லிச் சொல்லியே உன்னை இந்தப் பாடு படுத்திட்டேன், இனிமே பேனாவை யார் கையிலயும் குடுக்காதேன்னு."

குவீ லான் அரிசி களைகிற சட்டியைப் பிடித்துக்கொண்டு சத்தம்போட்டு அழுதாள். மூன்று மாதமாக அவள் அழவே இல்லை. செல்லக்கிளி கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

பதினைந்தாம் நாள் முடிந்த மறுநாள் காலை ஆசிரியர் வந்தார். குடிக்கணக்கில் பிழைதிருத்தம் என்று கையில் ஒரு கட்டு படிவம். அவருடைய சாமி பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டார், உள்ளே வாங்க என்று கூப்பிட்டும் வரவில்லை. அன்று முழுக்கக் கூடவே சுற்றி, தன் வீட்டுத் தாளில் இவன் என்ன எழுதப் போகிறான் என்று பார்க்க வேண்டுமாம். ஆசிரியர் முன்னறையில் உட்கார்ந்து, பேனா மூடியைத் திருகி, "சொல்லு லான், என்ன எழுதட்டும்?" என்று பணிவாகத்தான் கேட்டார்.

அவள் கையை நீட்டினாள். அவர் முதலில் படிவத்தைத்தான் நீட்டினார். பிறகு பேனாவைக் கொடுத்தார்.

படிவத்தில் அந்தக் கட்டம் கட்டைவிரல் நகம் அளவு இருந்தது. குவீ லான் குனிந்து எழுதினாள். தலை மேல் வரிக்குள் ஏறியது, கால் கீழே கல்வி, தொழில் எல்லாவற்றையும் தாண்டி ஓரம் வரைக்கும் நடந்தது. ஆசிரியர் பதறிப்போனார், கையெழுத்துக்காரர் அல்லவா.

"லான், கட்டத்துக்கு வெளிய போயிடுச்சே."

"தெரியுது" என்றாள் அவள், தலை நிமிராமல். "அவங்களை இதைவிடப் பெரிய கட்டமா போடச் சொல்லுங்க."